நான் 'இருங்க' என்றுதான் சொன்னேன்

கண்ணைத் திறக்கக் கூடாதாம். திறக்கவில்லை. மருந்து விட்டது கண்ணில், கசப்பது தொண்டையில். இது எந்த வழியாக இறங்கி அங்கே போய்ச் சேர்கிறது என்று போன தடவையே கேட்க நினைத்து விட்டுவிட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம், மூன்று தரம் விடுவேன், கண்ணுப் பாப்பா நல்லா விரியணும்மா, அதுவரைக்கும் மூடியே வச்சிருங்க என்று சொல்லிவிட்டுப் போன நர்ஸ் பெண்ணின் செருப்பு, வராந்தாவின் கடைசி வரைக்கும் கீச்சிட்டுக்கொண்டே போனது. என் வீட்டுக்காரர் இட்லி சாப்பிடப் போயிருக்கிறார். அவருக்குக் காலை பத்தரைக்கு மேல் பசி தாங்காது, போயிட்டு வாங்க என்று நானே அனுப்பினேன். மடியில் என் ஃபைல். அதன் மூலை உள்ளங்கையில் குத்துகிறது. முப்பத்தேழு வருஷம் கையில் ஏதாவது ஒரு ஃபைல் இருந்தது, ஓய்வு பெற்ற பிறகும் இருக்கிறது, இதில் என் பெயர் போட்டிருக்கிறது என்பதுதான் வித்தியாசம். மரகதவல்லி, வயது அறுபத்தொன்று. வலது கண்ணில் புரை. இடது கண்ணில் புரை மட்டும் இல்லை, நரம்பையும் பார்க்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டு உடனே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். புரை என்றால் எடுத்துப் போட்டுவிடலாம், நரம்பை என்ன செய்வார்கள், நரம்பு வாடிப்போனால் இப்போது இமைக்குள்ளே தெரிகிறதே இந்தச் சிவப்பு, இதுகூடத் தெரியாமல் போகுமா, வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். அசதியாக இருக்கிறது. கண்ணை மூடினால் தூக்கம் வரவேண்டும், வருவதில்லை. கண்ணை மூடினால் வேறு என்னென்னவோ வருகிறது. இரண்டு நாற்காலி தள்ளி யாருடைய போனோ அடிக்கிறது. முதல் நாலு தட்டிலேயே தெரிந்துவிட்டது. கிட்டாரில் அந்த நாலு தட்டு, ஒரு சின்ன இடைவெளி, மூச்சு இழுக்கிற சத்தம், பிறகு அந்தக் குரல். ஒரு நிமிஷம் இரு. ஒரே ஒரு நிமிஷம் இரு. போனை எடுங்களேன் யாராவது. எடுக்க மாட்டார்கள், அவர்களும் கண்ணை மூடிக்கொண்டு பையைத் துழாவுகிறார்கள்.

இந்தப் பாட்டு சாகாது. சாகும் என்று பத்து வருஷம் காத்திருந்தேன். கேசட்டோடு போய்விடும் என்று நினைத்தேன், சி.டி.யில் வந்தது. சி.டி. போனது, செல்போனுக்குள் ஏறிக்கொண்டது. தீக்குச்சி என்று நாலு பேர் சேர்ந்து வைத்திருந்த குழு அது, தொண்ணூற்றொன்றில் ஒரே ஒரு கேசட் போட்டார்கள், அதில் எட்டுப் பாட்டு, மற்ற ஏழும் யாருக்கும் ஞாபகமில்லை. இது மட்டும் முப்பத்து நாலு வருஷமாக நடந்துகொண்டே இருக்கிறது. காலேஜில் கடைசி நாளன்று பிள்ளைகள் தோளில் கை போட்டுக்கொண்டு பாடுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறும்போது போடுகிறார்கள், என் மகள் கல்யாணத்திலும் போட்டார்கள், நான் தாம்பூலப் பையை எண்ணுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். கேஸ் புக் பண்ண போன் போட்டால், ஆள் வருகிற வரைக்கும் இதைத்தான் காதில் ஊற்றுகிறார்கள். தெருக்கோடியில் இருந்த தபால்காரர் இறந்தபோது அவர் பேத்தி அவர் போட்டோவுக்கு அடியில் இதைப் போட்டு எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். தாத்தா, ஒரு நிமிஷம் இரு. அன்றைக்குப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன், பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. காதலிக்கும் பொருந்துகிறது, செத்தவருக்கும் பொருந்துகிறது, கேஸ் கம்பெனிக்கும் பொருந்துகிறது. போகிற யாரைப் பார்த்தும் சொல்லலாம், அதனால்தான் இது போவதில்லை. நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு ஆபீஸில் சின்னப் பிள்ளைகள் சேர்ந்து, ஒரு நிமிஷம் இரு மேடம் என்று கைதட்டிப் பாடினார்கள். அழுதேன். பிரிவு தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகப் பாடினார்கள்.

நான் இருங்க என்றுதான் சொன்னேன். இரு என்று சொல்லவில்லை. இதைச் சொன்னால் யாருக்குப் புரியும், இதில் என்ன வந்துவிடப்போகிறது, ஆனால் இந்த இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு தடவையும் முள் மாட்டுகிறது. யாரையும் ஒருமையில் கூப்பிட எனக்கு அப்போது நாக்கே வராது. இருபத்து நாலு வயது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அப்பா பார்த்த வேலை, அவர் பஸ்ஸில் மாரடைத்துச் செத்துப்போக, கருணை அடிப்படையில் எனக்கு வந்திருந்தது. சேர்ந்து பதினாலு மாசம், இன்னும் பணி நிரந்தரம் ஆகவில்லை. வீட்டில் அம்மா, இரண்டு தங்கைகள். வேலைக்காக ஆறு வருஷம் ஏழு வருஷம் காத்துக் கிடப்பவர்கள் வரிசையில் நிற்க, ஒருநாள்கூட வரிசையில் நிற்காத நான் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர்கள் பெயரைப் பதிந்துகொண்டிருந்தேன். எனக்கே கூச்சமாக இருக்கும். அதனால் எல்லோரையும் வாங்க, இருங்க, சொல்லுங்க. எண்பத்தொன்பது புரட்டாசி. மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், தேதியைத் தவறவிட்டால் காத்திருந்த வருஷமெல்லாம் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து. வரிசையில் நின்றவர்களில் ஒருவர் வந்து தன் அட்டையை வலைக்கு அடியில் நீட்டினார். நான் டிராயரில் இருந்து ஆபீஸ் அட்டையையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து கிளிப் போட்டு, அதிகாரி கையெழுத்துக்கு என்று ஓரமாக வைத்தேன். பே. இசக்கிமுத்து, பன்னிரண்டாம் வகுப்பு, தட்டச்சு இளநிலை. அதே மேஜையில் காலாவதியான அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன, அதே அளவு, அதே பழுப்பு. யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனேன். திரும்பி வந்தபோது மேஜை துடைத்து விட்டதுபோல இருந்தது. பியூன் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிவிட்டார். நாலு மணிக்குப் பேப்பர் மில் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எனக்கு உறைத்தது மறுநாள் காலையில், அவர் வந்து வலைக்கு முன்னால் நின்றபோதுதான்.

ஒரு நிமிஷம் இருங்க என்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அதிகாரியிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார், மெமோ கொடுத்திருப்பார், கத்தியிருப்பார், ஆனால் ஏதோ ஒரு வழி இருந்திருக்கும், வேறு பேரேடு இருந்தது, நகல் போட வழி இருந்தது, இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது, நானே நூறு பேருக்கு அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான், வேலை போய்விடும். அவர் கூரையில் சுற்றிய காத்தாடிக்கு அடியில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மதியம் எட்டிப் பார்த்தார், ஒரு நிமிஷம் இருங்க. ஐந்து மணிக்கு, அதிகாரி போயிட்டாரு. மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடி. இப்படிப் பதினோரு நாள். ஒருநாள்கூட சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெஞ்சின் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார், அந்தத் தட்டு என் முதுகெலும்பில் விழும். நிமிர்ந்து பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஒரே ஒரு தரம் வேலை சம்பந்தமில்லாமல் ஒரு வார்த்தை பேசினார். உங்க விரல்ல மை ஒட்டியிருக்கு. சீல் வைக்கிற மை, நீலம். முந்தானையில் துடைத்துக்கொண்டேன், போகவில்லை. பத்தாவது நாள் அவருடைய கடைசித் தேதி. பதினோராவது நாள் அவர் முன்னால் வந்து நின்றதும் என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது, வேறு யாரோ பேசுவது போல. உங்க தேதி முடிஞ்சுபோச்சே, முன்னாடியே வந்திருக்கணும். நான் வந்தேம்லா, இங்கதான இருந்தேன் என்றார். ரெஜிஸ்டர்ல இல்லையே. அவர் என்னைப் பார்த்தார். என்னமோ சொல்ல வந்து, சரி புதுசா பதிஞ்சிருங்க என்றார். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும். பழைய நம்பர் 4417/83. புதிய நம்பர் என்ன என்று எனக்கு ஞாபகமில்லை.

இரண்டு வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டு கேசட் கடையில் அந்தப் பாட்டைக் கேட்டேன். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை, என்னமோ வெஸ்டர்ன் மாதிரி இருக்கிறதே என்று நடந்துவிட்டேன். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, நடுவில் வருகிற வரி காதில் விழுந்தது. காத்தாடிக்கு அடியில் நான், கம்பிக்கு அந்தப் பக்கம் நீ, உன் விரலில் நீல மை. காய்கறிப் பையோடு அங்கேயே நின்றேன். கேசட் அட்டையில் பாடியவர் எழுதியவர் ஐசக் என்று போட்டிருந்தது, நீளத் தலைமுடியோடு ஒரு படம். இசக்கி ஐசக் ஆகியிருந்தார். எல்லோரும் அவரை வேதக்காரர், கிறிஸ்தவர் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பி என்றால் ஹாஸ்டல் ஜன்னல் கம்பி என்றார்கள். நீல மை என்றால் காதல் கடிதம் எழுதிய மை என்றார்கள். கல்யாணமான புதிதில் குற்றாலம் போகிற பஸ்ஸில் இது ஓடியது, என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன எழுத்து பாரு, அந்தப் பொண்ணு கொடுத்து வச்சவ என்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன என்றார். தலை சுற்றுது, ஜன்னல் பக்கம் மாறிக்கிறேன் என்றேன். அதற்கப்புறம் சொல்லவே இல்லை. வருஷம் ஆக ஆக எனக்குள் ஒரு சமாதானம் வளர்ந்தது. அட்டை இருந்திருந்தால் இசக்கிமுத்து எங்கேயாவது டைப் அடித்துக்கொண்டு என்னைப் போல ஓய்வு பெற்றிருப்பார், நான் தொலைத்ததால்தானே பாடகர் ஆனார். இந்தச் சமாதானத்துக்குள்ளே இன்னொன்றும் வளர்ந்தது, அதுதான் அசிங்கம். ஊரே முணுமுணுக்கிற அந்தப் பெண் நான்தானே என்று, அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது, ரேடியோவில் அந்த வரி வரும்போது, ஒரு சின்னக் கர்வம். பதினோரு நாள் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், என் விரலைப் பார்த்தார். குற்றத்தையும் கர்வத்தையும் ஒரே டப்பாவில் போட்டு மூடி வைத்தால் எது எதன் வாசனை என்றே தெரியாமல் போய்விடுகிறது.

செருப்பு கீச்சிட்டுக்கொண்டு வருகிறது. இரண்டாவது சொட்டு. நர்ஸ் பெண் அந்தப் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு வருகிறாள், போன் அடித்தது அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இருபத்து மூன்று வயதுகூட இருக்காது, பாட்டு இவளுக்கு அக்கா. என் இமையை விரலால் விரிக்கிறாள், குளிர்ச்சி, பிறகு எரிச்சல், பஞ்சை என் கையில் திணிக்கிறாள். அடுத்த நாற்காலிக்கு நகர்கிறாள்.

"இசக்கிமுத்து யாருங்க?"

"நான்தாம்மா."

என் வலது கைப்பக்கம். ஒரு கை தூரம்.

இசக்கிமுத்து என்று ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். தெருவுக்கு ஒருத்தர் இருப்பார்கள். ஆனால் குரல். முப்பத்து நாலு வருஷமாக எங்கே போனாலும் வழிமறிக்கிற குரல், கொஞ்சம் உடைந்திருக்கிறது, அடியில் மணல் சேர்ந்திருக்கிறது, அதே குரல்தான்.

"தலையை நல்லாச் சாய்ங்கய்யா. அசையக் கூடாது." மறுபடி முணுமுணுக்கிறாள், காத்தாடிக்கு அடியில் நான். யாருடைய கண்ணில் மருந்து விடுகிறாள் என்று தெரியாமல் அவர் பாட்டையே அவர் நெற்றிக்கு மேலே நின்று பாடுகிறாள்.

"நல்லாப் பாடுதியே" என்கிறார்.

"போங்கய்யா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் பேச ஆள் கிடைக்காதா என்று காத்திருந்தவர் போல ஆரம்பித்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் அந்தப் பாட்டுதான் பிடிக்குது பாருங்க, என்ன பாட்டு சார் அது, என் தம்பி ஒருத்தியைக் காதலிச்சு இதைப் பாடியே கல்யாணம் பண்ணிக்கிட்டான். ஆமா, நல்ல பாட்டு என்றார் இவர். அவ்வளவுதான். வேறு யாரோ எழுதியதைச் சொல்வது போல. அந்த ஆமாவில் இருந்த அலுப்பு எனக்குத் தெரியும், ஒரே பதிலைப் பத்தாயிரம் தடவை சொன்னவர்களின் ஆமா, கவுண்டரில் உட்கார்ந்த எல்லோரிடமும் அது உண்டு. என் நெஞ்சு அடிப்பது ஃபைல் வழியாகக் கைக்குக் கேட்கிறது. எழுந்து போய்விடலாம், கண் தெரியாமல் எங்கே போவது. பேசாமல் இருந்துவிடலாம், இன்னும் பத்து நிமிஷத்தில் கூப்பிட்டுவிடுவார்கள், அவர் ஒரு அறைக்கு, நான் ஒரு அறைக்கு. இவ்வளவு வருஷம் இருந்தாயிற்று. இடது கண் நரம்பு வாடிப்போய் நாளைக்கு இவர் எதிரில் வந்தாலும் தெரியாது. இப்போதும் தெரியவில்லை. பார்க்காமல் சொல்லிவிடலாம், அவரும் பார்க்க மாட்டார், இப்படி ஒரு வசதி இனி எப்போது கிடைக்கும். அந்தப் பக்கத்து ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார்கள். நாற்காலி காலியாகிறது.

"நீங்க ஐசக்தானே?"

பெருமூச்சு விட்டார். "ஆமாம்மா. போட்டோ எடுக்கணும்னா கண்ணு திறந்த பிறகு எடுத்துக்கலாம்."

"போட்டோ இல்லைங்க. அந்தப் பாட்டில வர்ற... அந்த மை..."

"நீங்கதான் அந்தப் பொண்ணு." கோபம் இல்லை, கேலியும் இல்லை. "இதுவரைக்கும் பதிமூணு பேர் சொல்லியிருக்காங்க. பாளையங்கோட்டையில ஒரு டீச்சர் புருஷனையே கூட்டிட்டு வந்துட்டாவ. நான் மறுக்கிறதில்ல. அவங்களுக்கு அப்படித் தோணுது, தோணட்டும்."

"4417/83" என்றேன்.

மேலே காத்தாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. யாரோ தூரத்தில் டோக்கன் நம்பர் வாசித்தார்கள்.

"உங்க தேதி முடியலை. நீங்க பத்து நாள் முன்னாடியே வந்தீங்க. கார்டு ரெண்டையும் நான்தான் தொலைச்சேன். கழிவுக் கட்டோட போயிருச்சு. சொன்னா வேலை போயிரும்னு பயந்து உங்களை இருக்க வச்சேன். அப்புறம் உங்க மேல பழியைப் போட்டேன்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கே வைப்பது என்றெல்லாம் யோசித்திருக்கிறேன், அந்த வார்த்தை வரவே இல்லை.

அவர் நாற்காலி அசைந்தது. எழுந்துவிட்டாரோ என்று நினைத்தேன். எழவில்லை. "எங்க ஐயா உங்க ஆபீஸுக்கு வந்தாவ" என்றார்.

"எப்போ?"

"அந்தத் தை மாசம். எனக்கு அப்புறம் பதிஞ்ச பையன், எங்க தெருதான், அவனுக்கு இன்டர்வியூ லெட்டர் வந்துட்டு. எனக்கு வரலை. ஐயா அணைக்கட்டுல மதகுக் காவல், ஒருநாள் லீவு போட்டுட்டு வந்து கேட்டாவ. உங்க மகன் தேதிக்கு வரவே இல்லையேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

ஒரு பெரியவர். காக்கிச் சட்டை போட்டிருப்பார். வலைக்கு முன்னால் குனிந்து, மகன் பெயரைச் சொல்லியிருப்பார். நான் ரெஜிஸ்டரைப் புரட்டுவது போலப் புரட்டியிருப்பேன். அந்த ஜன்னலில் என்னைத் தவிர வேறு யார், நான்தான் சொல்லியிருப்பேன், எனக்கு ஞாபகம் இல்லை. இவர் வந்த பதினோரு நாளும் மணி மணியாக ஞாபகம் இருக்கிறது, விரல் தட்டு ஞாபகம் இருக்கிறது, இவருடைய அப்பா முகம் இல்லை, குரல் இல்லை, ஒன்றுமே இல்லை. இமைக்குள் தேடுகிறேன், சிவப்பாக இருக்கிறது. இதை மட்டும் எங்கே தொலைத்தேன்.

"வரவே இல்லைன்னா, பதினோரு நாள் ஆபீஸுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனானே, எங்க போனான்? அப்ப நான் பழைய கிட்டாரு ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். கூட்டாளிகளோட ஊர் சுத்திட்டு, தேதியை விட்டுட்டு, வீட்டுல பொய் சொல்லியிருக்கான்னு முடிவு பண்ணிட்டாவ. நான் சொன்னேன். சத்தியம் பண்ணினேன். நம்பலை. அன்னைக்கு எங்கிட்ட பேச்சை நிறுத்தினவுகதான்."

"பாட்டு வந்தப்புறம்..."

"பாட்டு அவுகளுக்குத்தான் எழுதினது."

எனக்குப் புரியவில்லை.

"நான் போனேன், அங்கதான் இருந்தேன்னு வேற எப்படிச் சொல்ல? காத்தாடி இருந்துச்சு, பெஞ்சு இருந்துச்சு, கம்பி வலை இருந்துச்சு, அந்தப் பிள்ளை விரல்ல மை இருந்துச்சு. போகாதவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஒருநாளாவது ரேடியோவுல கேட்டுட்டு, அடடே இவன் போயிருக்கான்னு நினைப்பாவன்னு எழுதினேன். கேட்டாவ. எவளையோ நினைச்சுப் பாடுதான்னு அம்மைகிட்ட சொல்லிட்டு ரேடியோவை அணைச்சுட்டாவ. எல்லாரும் அப்படித்தான நினைச்சாங்க, அவுக மட்டும் என்ன செய்வாவ. ரெண்டாயிரத்து நாலுல போய்ச் சேர்ந்தாவ. பேசலை."

நான் அந்தப் பாட்டில் இல்லை. சாட்சிக்கு நின்ற சாமான்களில் ஒன்றாக இருந்திருக்கிறேன், காத்தாடி மாதிரி, பெஞ்சு மாதிரி. அடுப்புக்கு முன்னால் நின்று நான் பட்ட கர்வம் இப்போது உடம்பிலிருந்து வடிந்து எங்கேயோ போகிறது, வெட்கமாக இருக்கிறது, ஆனால் வெட்கப்படக்கூடத் தெம்பில்லை. முப்பத்து நாலு வருஷம் ஊர் முழுக்கப் பாடிய ஒரு வாக்குமூலம், அதைக் கேட்க வேண்டிய ஒரே ஆள் நம்பாமல் போய்விட்டார், கேட்டவர்கள் எல்லோரும் வேறு எதையோ கேட்டுக்கொண்டு கைதட்டினார்கள். இவர் மேடைக்கு மேடை அதையே பாடியிருக்கிறார். எத்தனை ஆயிரம் தடவை. நான் போனேன், நான் போனேன் என்று. நான் ஒரு தடவை எழுந்து ஆமாம் வந்தார் என்று சொல்லியிருந்தால் போதும்.

"உங்களுக்கு... என் மேல..." என்று ஆரம்பித்தேன்.

"இருக்கு" என்றார். "இல்லைன்னு சொல்ல மாட்டேன். இப்பதான கேக்கேன், இன்னும் முழுசா உள்ள போகலை. வீட்டுக்குப் போனபிறகு வரும்." பிறகு என் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், குரல் கிட்டத்தில் வந்தது. "எங்க அம்மை இருக்கா. எண்பத்தாறு வயசு. என்கூடத்தான் இருக்கா. இன்னைக்குக் காலையிலகூட, சோறு போடும்போது, நீ அன்னைக்கு ஒழுங்காப் போயிருந்தா ஐயா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாருன்னா. நான் பதில் சொல்றதை விட்டு ரொம்ப நாளாச்சு. நீங்க எழுதித் தருவியளா?"

"எதை?"

"இப்ப சொன்னியள்லா, அதை. நான் சொன்னா நம்ப மாட்டா. ஆபீஸ்காரங்க கையால எழுதினா நம்புவா. படிக்கத் தெரியும், எழுத்துக்கூட்டிப் படிப்பா."

கண்ணைத் திறந்தேன். வெளிச்சம் அறைந்தது. எல்லாம் பஞ்சு பஞ்சாக, சுவர் எது, ஆள் எது என்று தெரியவில்லை, வலது பக்கம் வெள்ளையாக ஒரு தலைமுடி, ஒரு சட்டையின் நீலம், அவ்வளவுதான். பையில் பேனா இருந்தது. ஃபைலில் கடைசியாக இருந்த தாள், பின்பக்கம் வெற்றாக இருக்கும் என்று தடவிப் பார்த்து உருவினேன். கை தானாக ஆரம்பித்தது. அனுப்புநர், மரகதவல்லி, முன்னாள் இளநிலை உதவியாளர். நான் ஓய்வு பெற்றது கண்காணிப்பாளராக, ஆனால் இதை எழுத வேண்டியது அந்த இளநிலை உதவியாளர்தான். செருப்புச் சத்தம் வந்து முன்னால் நின்றது. என்னம்மா இது, கண்ணைத் திறந்து எழுதிக்கிட்டிருக்கீங்க, மருந்து வேலை செய்யுமா, யாரு பதில் சொல்றது என்று திட்டிக்கொண்டே தலையைப் பின்னால் தள்ளி மூன்றாவது சொட்டை விட்டாள். அவருக்கும் விட்டாள். மூடிக்கோங்க ரெண்டு பேரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டே எழுதலாம், முப்பத்தேழு வருஷம் எழுதிய கை. தாளின் ஓரத்தில் இடது கைக் கட்டைவிரலை வைத்து, வரி முடிந்ததும் அதை ஒரு விரல் அகலம் கீழே நகர்த்தினேன். பெறுநர்.

"அம்மா பேரு?"

"உலகம்மாள்."

"இனிஷியல்?"

"அம்மைக்கு என்ன இனிஷியல்" என்றார். "சும்மா உலகம்மாள்னு போடுங்க."

திருமதி உலகம்மாள் அவர்களுக்கு. எழுத்து கோட்டில் நிற்கிறதா, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதா தெரியவில்லை. பெரிது பெரிதாக, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, கூட்டிப் படிக்கிறவர்களுக்கு எழுதுவது போல எழுதுகிறேன். அம்மா, உங்கள் மகன் இசக்கிமுத்து பதினோரு நாளும் காலை பத்து மணிக்கு வந்தார்.